உங்களுக்குத் தெரியுமா? தங்கவயலும் ‘ஆம், இல்லை’ கணக்கும்

இரண்டே பதில் உள்ள கேள்விகள்

சுரங்கத்தில் எழும் முக்கியமான கேள்விகளுக்கெல்லாம் பெரும்பாலும் இரண்டே பதில்தான். இந்த ஷிப்டில் பாறை வெடிக்குமா, வெடிக்காதா? எக்ஸ்ரேயில் நுரையீரல் கெட்டிருக்கிறதா, இல்லையா? இங்கே தோண்டினால் தங்கம் உண்டா, இல்லையா? இப்படி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முடிகிற விஷயத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல உதவும் புள்ளியியல் முறைதான் லாஜிஸ்டிக் ரெக்ரஷன். ‘ஆம்’ என்றால் 1, ‘இல்லை’ என்றால் 0 என்று எழுதிக்கொள்வார்கள். அந்த 1 வருவதற்கான நிகழ்தகவு எதையெல்லாம் பொறுத்து ஏறுகிறது, இறங்குகிறது என்பதைக் கணக்கு சொல்லும்.

கோலார் தங்கவயலில் 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் கதவைச் சாத்தியது. இடைப்பட்ட 120 ஆண்டுகளில் இந்த மூன்று கேள்விகளையும் தினமும் சந்தித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஆகவே இந்தப் பாடத்தைப் பரீட்சை மதிப்பெண்ணை வைத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட, சுரங்கத்தை வைத்துச் சொல்வதுதான் நியாயம்.

முதல் பதிவு இங்கேதான்

கல்தூசியால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத்தில்தான் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. ஆண்டு 1947. துளைபோடும்போதும் வெடி வைக்கும்போதும் பறக்கிற சிலிக்கா தூசி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுண்ணியது. மூச்சோடு உள்ளே போனால் வெளியே வராது. அதனால் வருகிற தழும்பு ஆறாது. காசநோய் தொற்றவும் அது வழிவிடும்.

நோய் ஒரே நாளில் வருவதில்லை. எத்தனை வருடம் தூசியில் நின்றார் என்பதுதான் முக்கியம். அப்படியானால் வருடம் கூடக் கூட ஆபத்து எந்த வேகத்தில் கூடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தரும் ஒரு பழைய பட்டியல் உலகம் முழுவதும் புள்ளியியல் வகுப்புகளில் பயன்படுகிறது. அது தங்கவயலின் பட்டியல் அல்ல, பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுடையது. நோயும் சிலிக்கோசிஸ் அல்ல, அதன் உடன்பிறப்பான, நிலக்கரித் தூசியால் வரும் நிமோகோனியோசிஸ். அந்தப் பட்டியலை ஜே. ஆர். ஆஷ்ஃபோர்டு 1959-இல் வெளியிட்டார்.

371 பேர், எட்டே வரிகள்

நிலக்கரி வெட்டும் முகப்பில் வேலை செய்த 371 பேரை, வேலை செய்த ஆண்டுகளின்படி எட்டுக் குழுவாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் நோய் கடுமையாக முற்றியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இங்கே:

சராசரி 5.8 ஆண்டு: 98 பேரில் ஒருவரும் இல்லை
15 ஆண்டு: 54 பேரில் 1
21.5 ஆண்டு: 43 பேரில் 3
27.5 ஆண்டு: 48 பேரில் 8
33.5 ஆண்டு: 51 பேரில் 9
39.5 ஆண்டு: 38 பேரில் 8
46 ஆண்டு: 28 பேரில் 10
51.5 ஆண்டு: 11 பேரில் 5

மொத்தம் 44 பேர். கணக்கைத் தொடங்குவதற்கு முன் இந்த வரிகளை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். கடைசி வரியில் இருப்பவர்கள் அரை நூற்றாண்டு நிலத்தடியில் கழித்தவர்கள். பதின்வயதிலேயே இறங்கியிருந்தால்தான் இது முடியும்.

நேர்கோடு இங்கே உதவாது

வருடம் கூடினால் நோய் கூடுகிறது, அப்புறம் என்ன, பள்ளியில் படித்த மாதிரி ஒரு நேர்கோடு போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டுப் பார்த்தால், 5.8 ஆண்டு வேலை செய்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு கழித்தல் 2.7 சதவீதம் என்று வருகிறது. நிகழ்தகவு 0-க்குக் கீழே போகவே முடியாது. கோட்டை வலது பக்கம் நீட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் 100 சதவீதத்தையும் தாண்டிவிடும். அதுவும் நடக்காத காரியம்.

தேவை, 0-க்கும் 1-க்கும் இடையிலேயே அடங்கி நிற்கும் ஒரு வளைகோடு. முதலில் தரையோடு தரையாகப் போய், நடுவில் செங்குத்தாக ஏறி, மேலே போனதும் மறுபடி சமமாகும் கோடு. பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஃபிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட் 1838-இலேயே இந்தக் கோட்டை மக்கள்தொகைப் பெருக்கத்துக்காக வரைந்தார். பூச்சிக்கொல்லி, மருந்து ஆகியவற்றின் அளவுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட அமெரிக்க மருத்துவப் புள்ளியியலாளர் ஜோசப் பெர்க்சன் 1944-இல் அதை எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தின் டேவிட் காக்ஸ் 1958-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆம்-இல்லை கேள்விகளுக்கான பொதுக் கருவியாக அது மாறியது. மக்கள்தொகைக்குப் பிறந்த கோடு சுரங்கத் தொழிலாளியின் நெஞ்சுக்கூடு வரை வந்துசேர 120 வருடம் ஆயிற்று.

ஆட்ஸ் என்றால் என்ன?

லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

46 ஆண்டு வேலை செய்த குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 28 பேரில் 10 பேருக்கு நோய் முற்றியிருக்கிறது. 10-ஐ 28-ஆல் வகுத்தால் 0.36. இது நிகழ்தகவு. முற்றிய 10 பேரை, முற்றாத 18 பேரால் வகுத்தால் 0.56. இதுதான் ஆட்ஸ். முதலாவது, மொத்தத்தில் எத்தனை பங்கு என்று கேட்கிறது. இரண்டாவது, ‘ஆம்’ பக்கத்தையும் ‘இல்லை’ பக்கத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது.

நிகழ்தகவுக்கு 0, 1 என்று இரண்டு பக்கமும் சுவர். ஆட்ஸுக்கு மேல்பக்கச் சுவர் கிடையாது, எவ்வளவு பெரிதாகவும் போகலாம். அந்த ஆட்ஸுக்கு இயல் மடக்கை எடுத்துவிட்டால் கீழ்ப்பக்கச் சுவரும் போய்விடும். இப்போது கழித்தல் எண்ணும் வரலாம், கூட்டல் எண்ணும் வரலாம். சுவர் இல்லாத அந்த வெளியில் தைரியமாக நேர்கோடு போடலாம். போட்ட பிறகு மடக்கையை அவிழ்த்து நிகழ்தகவாக மாற்றினால், நாம் கேட்ட வளைகோடு தானாகக் கிடைக்கும். முறை முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

ஒரு வருடத்துக்கு 10 சதவீதம்

அந்த எட்டு வரிகளைக் கணினியில் கொடுத்தால் கிடைக்கும் விடை: ஆட்ஸின் இயல் மடக்கை = −4.7965 + (0.0935 × வேலை செய்த ஆண்டு).

இதில் உயிர்நாடி 0.0935. அதன் மடக்கையை அவிழ்த்தால் 1.10 வரும். அதாவது, சுரங்கத்தில் கழிக்கும் ஒவ்வொரு கூடுதல் வருடமும் நோய் முற்றுவதற்கான ஆட்ஸை 10 சதவீதம் உயர்த்துகிறது. வட்டிக்கு வட்டி போல அது பெருகும். பத்து வருடத்தில் ஆட்ஸ் இரண்டரை மடங்கு ஆகிவிடும்.

ஆனால் நிகழ்தகவு இரண்டரை மடங்கு ஆகாது

செய்திகளில் அடிக்கடி வரும் தவறு இது. ஆட்ஸ் இரட்டிப்பானது என்ற ஆய்வு முடிவை ‘ஆபத்து இரட்டிப்பு’ என்று எழுதிவிடுவார்கள். மேலே உள்ள சமன்பாட்டின்படி 21.5 ஆண்டில் வாய்ப்பு 5.8 சதவீதம். இன்னும் பத்து ஆண்டு போனால் 13.6 சதவீதம். எட்டுப் புள்ளிதான் ஏறியிருக்கிறது. அதுவே 41.5 ஆண்டில் 28.6 சதவீதமாக இருப்பது, அடுத்த பத்து ஆண்டில் 50.5 சதவீதமாகிறது. 22 புள்ளி ஏற்றம். இரண்டு இடத்திலும் ஆட்ஸ் பெருகியது ஒரே இரண்டரை மடங்குதான்.

ஆகவே ‘ஆட்ஸ் விகிதம்’ என்று ஓர் ஆய்வு சொன்னால், எந்த இடத்திலிருந்து தொடங்கினார்கள் என்று கேளுங்கள்.

கூட்டிப் பார்த்தால் சரியாக வரும்

சமன்பாடு ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேருக்கு நோய் முற்றியிருக்கும் என்று எதிர்பார்க்கிறதோ, அதையெல்லாம் கூட்டினால் 44 வரும். உண்மையில் பாதிக்கப்பட்டவர்களும் 44 பேர். இது தற்செயல் அல்ல. நம் கையில் உள்ள தகவல் நடந்திருக்க மிக அதிக வாய்ப்புத் தரும் எண்கள் எவை என்று தேடித்தான் கணினி அந்த இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கிறது. அப்படித் தேடும்போது இந்தச் சமநிலை தானாக அமைந்துவிடும்.

ஆனால் 46 ஆண்டு வேலை செய்த அந்த 28 பேரில் எந்தப் பத்துப் பேர் என்று எந்தச் சமன்பாடும் சொல்லாது. இந்த முறை ஒரு கூட்டத்தின் ஆபத்தைச் சொல்லும். ஒரு மனிதரின் விதியைச் சொல்வதாக யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

பட்டியலில் இல்லாதவர்கள்

வேலையில் இருப்பவர்களை மட்டும் பரிசோதித்தால் நோயின் அளவு குறைவாகவே தெரியும். மூச்சு வாங்க ஆரம்பித்தவர் வேலையை விட்டிருப்பார், இறந்தும் போயிருப்பார். மிஞ்சியிருப்பவர்கள் உடம்பில் தெம்புள்ளவர்கள். தொழில்சார் நோய் ஆய்வுகள் எல்லாவற்றையும் துரத்தும் சிக்கல் இது.

தங்கவயலுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். இங்கே வேலைக்கு வந்த குடும்பங்களில் பல வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்தவை. உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பிய ஒருவர் அங்கே இருமி இறந்தால், அது தங்கவயலின் கணக்கில் ஏறாது. கணிதம் எவ்வளவு நுட்பமானாலும் பதிவேட்டில் இல்லாத ஆளை அது பார்க்காது.

பல காரணங்களைப் பிரித்துப் பார்க்கலாம்

ஒருவருக்கு மூச்சிரைப்பு. வயது 50. பீடி குடிப்பார். துளைபோடும் மெஷினில் வேலை. எதனால் வந்தது? லாஜிஸ்டிக் ரெக்ரஷனில் இவை எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் சேர்க்கலாம். வயதும் பீடியும் ஒன்றாக இருக்கும் இருவரில், துளைபோடுகிறவருக்கு ஆட்ஸ் எவ்வளவு கூடுதல் என்று தனியே காட்டும். ‘உன் நோய்க்குப் பீடிதான் காரணம்’ என்று நிர்வாகம் கைகழுவும் இடங்களில் தொழிலாளி பக்கம் நிற்கக்கூடிய கணக்கு இது. பரிசோதித்தவர்களின் பீடிப் பழக்கத்தையும் வேலை வகையையும் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவத்தில் இதற்குப் பெரிய முன்னோடி அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர். 1948-இல் 5,209 பேரோடு தொடங்கிய இதயநோய் ஆய்வு அது. வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிகரெட் உள்பட ஏழு காரணங்களை ஒரே லாஜிஸ்டிக் சமன்பாட்டில் வைத்து 1967-இல் முடிவு வெளியிட்டார்கள். இன்று ‘பத்து வருடத்தில் மாரடைப்பு வர இத்தனை சதவீதம்’ என்று டாக்டர் சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

93 சதவீதம் சரி, ஆனாலும் பயனில்லை

தங்கவயலில் பாறை வெடிப்பு தெரியாத குடும்பம் இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்காமல் பாறை திடீரென்று சிதறும். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இங்கே அதிர்வுமானிகள் வைத்து ஆராய்ந்தார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தொடங்கப்பட்டதும் தங்கவயலில்தான்.

அடுத்த ஷிப்டில் பெரிய அதிர்வு வருமா என்று கணிக்க, போலந்தின் சாப்ஷே-பியெல்ஷோவிட்செ நிலக்கரிச் சுரங்கத்தின் பதிவுகள் இன்று மாணவர்களுக்குப் பயிற்சிக்குக் கிடைக்கின்றன. 2,584 ஷிப்டுகள். அவற்றில் ஆபத்தானவை 170 மட்டுமே. இப்போது கண்ணை மூடிக்கொண்டு ‘எந்த ஷிப்டிலும் ஒன்றும் நடக்காது’ என்று சொல்லும் ஒரு கணிப்பை நினைத்துப் பாருங்கள். 93.4 சதவீதம் சரியாக இருக்கும்! ஆனால் அந்த 170 தடவையும் ஆட்களைக் கீழே அனுப்பியிருக்கும்.

அதனால்தான் துல்லியம் இத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண்ணை நம்பக் கூடாது. உண்மையான ஆபத்துகளில் எத்தனையைப் பிடித்தது, வீணாக எத்தனை தடவை எச்சரித்தது என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.

பாதிக்கு மேல் போனால்தான் ‘ஆம்’ என்று எவர் சொன்னது?

லாஜிஸ்டிக் ரெக்ரஷன் தருவது நிகழ்தகவை மட்டுமே. எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்தி ஆட்களை மேலே ஏற்றுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். மென்பொருள்களில் வழக்கமாக 0.5 என்று வைத்திருப்பார்கள். உயிர் போகும் இடத்தில் அது மிகவும் தாமதமான எல்லை. ஒரு ஷிப்டின் உற்பத்தி போவதும் ஒரு குடும்பத்தின் ஆள் போவதும் ஒரே எடை அல்ல என்று நினைக்கிறவர் எல்லையை 0.1-க்கோ அதற்கும் கீழேயோ வைப்பார்.

நல்லபடி நடந்ததையும் எண்ண வேண்டும்

1986 ஜனவரி 28-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் இறுகிய ரப்பர் வளையம்தான் காரணம். முந்தின இரவு பொறியாளர்கள் இதைப் பேசியும் இருந்தார்கள். ஆனால் விவாதத்தில் வந்த படத்தில், வளையம் பழுதான ஏழு பயணங்கள் மட்டுமே இருந்தன. அவை குளிரிலும் இருந்தன, வெயிலிலும் இருந்தன. எனவே தொடர்பில்லை என்று தோன்றியது.

பழுதே இல்லாத 16 பயணங்களையும் சேர்த்து 1989-இல் தலால், ஃபவுல்க்ஸ், ஹோட்லி என்ற புள்ளியியலாளர்கள் மூவரும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் போட்டார்கள். பழுதில்லாதவை எல்லாம் வெதுவெதுப்பான நாட்கள். கோடு தெளிவாக எழுந்தது: வெடித்த நாளின் உறைகுளிரில் பழுது ஏறக்குறைய நிச்சயம். ‘இல்லை’ என்ற பதிலும் தகவல்தான். சுரங்க மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே நன்றாக இருந்தவர்களின் கோப்பைக் கொளுத்திவிட்டால் அந்த ஊரின் ஆபத்தை யாராலும் அளக்க முடியாது.

ரயிலா, பஸ்ஸா?

சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் மாரிகுப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் நிலையங்களில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். பயணிகள் ரயிலில் போக எவ்வளவு வாய்ப்பு, பஸ்ஸில் போக எவ்வளவு வாய்ப்பு என்பதையும் இதே கணக்கு சொல்லும். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1972-இல் பார்ட் ரயில் வரும் முன்பே பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபேடன் இப்படிக் கணக்கிட்டு, பயணங்களில் 6.3 சதவீதம் ரயிலுக்குப் போகும் என்றார். அதிகாரபூர்வ மதிப்பீடு 15 சதவீதம். நடந்தது 6.2. அவருக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கர்நாடகத்தில் பிறந்தவர்

லாஜிஸ்டிக் ரெக்ரஷன் முடிவைச் சில மென்பொருள்களில் பார்க்கும்போது, காரணத்துக்கும் விளைவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று பார்க்கும் ‘ஸ்கோர்’ சோதனை என்று ஒரு வரி வரும். அதை 1948-இல் தந்தவர் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ். 1920-இல் இன்றைய கர்நாடகத்தின் ஹூவின ஹடகலியில் பிறந்தவர்.

தங்கத்தைத் தேடவும்

தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 47 கிராம் வரை கிடைத்த தங்கம், மூடும் நேரத்தில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. புதிய இடத்தில் கனிமம் உண்டா, இல்லையா என்று நிலவியல் வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கவும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் இன்று பயன்படுகிறது. பாறையின் வகை, பிளவு எவ்வளவு தூரம், மண்ணில் ஆர்செனிக் எவ்வளவு என்பவை அங்கே ‘வருட’த்தின் இடத்தைப் பிடிக்கும்.

நீங்களே செய்யலாம்

இந்தப் பக்கத்தில் உள்ள எட்டு வரிகளைத் தட்டச்சு செய்து, இலவசமாகக் கிடைக்கும் ‘ஆர்’ மென்பொருளில் கொடுங்கள். 0.0935 வருகிறதா என்று பாருங்கள். கல்லூரி மாணவருக்கு ஒரு மாலைப்பொழுது வேலை.

ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சுரங்க லைன்கள், ஊருக்குத் திரும்பிய வட ஆற்காட்டுக் குடும்பங்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். தாத்தாவின் பணிப் பதிவுச் சீட்டு, சம்பளச் சீட்டு, மருத்துவப் பரிசோதனை அட்டை, பழைய எக்ஸ்ரே எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். எந்த ஆண்டு இறங்கினார், எந்த ஆண்டு நின்றார், எந்தச் சுரங்கம், என்ன வேலை, மூச்சுக் கோளாறு இருந்ததா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். கடைசிவரை நலமாக இருந்தவர் என்றாலும் எழுதுங்கள். தங்கவயலுக்கென்று சொந்தமாக ஒரு பட்டியல் போட அந்த இரண்டு வகைத் தாள்களும் தேவை.